முள் வைத்த பெடல்

இந்த நாட்டில் கடைக்குள் மனிதர்கள் வெறுங்காலோடு வருகிறார்கள். வறுமையால் அல்ல. பெரிய காரை நிறுத்திவிட்டு, நல்ல சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாக, காலில் மட்டும் ஒன்றும் இல்லாமல் வந்து பாலும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு போகிறார்கள். நியூசிலாந்துக்கு வந்த புதிதில் இதைப் பார்த்துத் திகைத்து நின்றிருக்கிறேன். குமரி மாவட்டத்துக் கடற்கரையில் பிறந்த எனக்கு வெறுங்கால் என்றால் ஒன்று கடலுக்குப் போகிறவனின் கால், இல்லையென்றால் கோயிலுக்குள் நுழைகிறவர்களின் கால். நான் நர்சிங் படிக்க நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறுவதற்கு முன் அப்பா முதலில் வாங்கித் தந்தது ஒரு ஜோடி செருப்பு. செருப்புப் போட்டவளைத்தான் டவுனில் மனுஷியாக மதிப்பார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இங்கே வெறுங்காலோடு போகிறவரை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. யாராவது ஒருவர் திரும்பிப் பார்த்து, ஏன் இப்படிப் போகிறாய் என்று கேட்டிருந்தால் எங்கள் வீட்டுக் கதை வேறு மாதிரி போயிருக்கும். ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கும், என்னைப் போல வெளியே கிடக்கிறவர்களுக்கும் அதைத்தான் சொல்லப் போகிறேன்.

என் கணவர் பெயர் ததேயுஸ். குளச்சலுக்குப் பக்கத்துக் கரை. மீசை முளைக்கும் முன்பே கட்டுமரத்தில் ஏறியவர், பிறகு சொந்தமாக ஒரு ஃபைபர் வள்ளம் வாங்கினார். அவர் காலைப் பார்த்தாலே கடல்காரன் என்று சொல்லிவிடலாம். விரல்கள் ஒன்றுக்கொன்று விலகி விசிறி மாதிரி விரிந்திருக்கும். பாசி பிடித்த மரத்தை அலை தூக்கிப் போடும்போது அந்த விரல்கள்தான் ஆளைப் பிடித்து நிறுத்தும். கல்யாணத்துக்கு வாங்கிய ஷூவில் அந்தக் கால் நுழையாமல், பூசை முடியும்வரை மனுஷன் நொண்டிக்கொண்டு நின்றது எங்கள் வீட்டில் இன்றைக்கும் பேச்சு. 2004 டிசம்பரில் வந்த அலை வள்ளத்தைக் கொண்டுபோயிற்று. அவர் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் இருந்ததால் தப்பினார். அதற்குப் பிறகு கடலில் இறங்கவே இல்லை. சில வருடம் வளைகுடாவில் ஏசி மெக்கானிக்குகளுக்குக் கையாளாக இருந்தார். அங்கே பிடித்ததுதான் சர்க்கரை வியாதி. எனக்கு இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை கிடைத்து இருவருமாக வந்து சேர்ந்தபோது அவருடைய பாதங்கள் பாதி செத்திருந்தன. அது எங்கள் இருவருக்குமே தெரியாது.

தெரிய வந்த விதம் இதுதான். ஒருநாள் சாயங்காலம் சமையலறைத் தரையெல்லாம் ரத்தத் தடம். அவர் அதைக் காட்டி என்னிடம் கேட்டார்: "ஏட்டி செசிலி, இது ஆருக்க காலு?" உடைந்த தம்ளரின் சில்லு ஒன்று அவர் குதிகாலில் நின்றுகொண்டிருந்தது. அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அவரை நாற்காலியில் உட்கார வைத்து, இரண்டு பாதங்களையும் மடியில் போட்டு, விரலிடுக்கு வரை டார்ச் அடித்துப் பார்ப்பது என் வேலையாயிற்று. ஊரில் இந்த நேரத்தில் ஜெபமாலை சொல்லுவோம். நான் ஜெபமாலை சொல்லிக்கொண்டே கால் பார்த்தேன். இங்குள்ள டாக்டர் சோதித்துவிட்டு இனிமேல் இவர் கார் ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். கால் பிரேக்கில் இருக்கிறதா ஆக்சிலரேட்டரில் இருக்கிறதா என்றே தெரியாதவரை எப்படி ரோட்டில் விடுவது? டாக்டர் சொன்னது நியாயம். ஆனால் ததேயுஸ் வேலை பார்த்த மரம் அறுக்கும் மில் மலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. பஸ் கிடையாது. என் ஷிப்டும் அவர் ஷிப்டும் ஒத்துவராது. மலைக்கு மேலே பைன் காட்டுக்குள் ஒரு சைக்கிள் பாதை மட்டும் இருந்தது. வேலையை விட்டுவிடுங்கள் என்றேன். கடலையும் விட்டாயிற்று, இதையும் விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து நான் கொண்டுவருவதைத் தின்ன வேண்டுமா என்று கேட்டார்.

பக்கத்து வீட்டு ஷரன் பயன்படுத்தாமல் போட்டிருந்த மவுண்டன் பைக் ஒன்றைக் கொடுத்தாள். ஓட்டுவதில் அவருக்குக் கஷ்டமே இல்லை. ஊரில் பெடலின் ரப்பர் கட்டையெல்லாம் உதிர்ந்து நடுவிலுள்ள இரும்புக் கம்பி மட்டும் மிச்சமிருக்கிற சைக்கிளில் மீன்கூடையோடு ஏற்றம் ஏறிய ஆள். அப்போதெல்லாம் அந்தக் கம்பியை விரலால் கவ்விப் பிடித்து மிதிப்பார். இப்போது கவ்வ விரல் இருந்தது, கவ்வுகிறதா என்று சொல்ல ஆள் இல்லை. ஷரனின் பைக்கில் இருந்த பிளாஸ்டிக் பெடல் தேய்ந்து வழுவழுவென்று ஆகியிருந்தது. மழை நாளில் இறக்கத்தில் கால் நழுவிப்போயிருக்கிறது. மற்றவர்களுக்கென்றால் நழுவும்போதே தெரியும். இவருக்கு மண்ணில் முகம் பட்ட பிறகுதான் தெரிந்தது. இரண்டாவது முறை விழுந்து, மோவாய் கிழிந்து வந்தபோது நான் கத்தினேன், அழுதேன். மறுநாளும் ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பினார். சரி, போகத்தான் போகிறார் என்றால் கால் நழுவாத பெடலையாவது வாங்கி மாட்டுவோம் என்று சைக்கிள் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

ஒரு பெடலில் இவ்வளவு விஷயம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கடைக்காரர் தாடி வைத்த இளைஞர், பொறுமைசாலி. ஒரு சுவர் முழுக்கப் பெடல்களை மாட்டி வைத்திருந்தார். உள்ளங்கையைவிட அகலமான தட்டையான பெடல்கள். ஷூவின் அடி உள்ளே அமர்ந்துகொள்வதற்காகத் தட்டின் நடுவைக் கொஞ்சம் குழித்திருந்தார்கள். ஓரமெல்லாம் சிறு முட்கள். நைலான் பெடலில் முள்ளும் நைலானாகவே வார்க்கப்பட்டிருக்கும். மொண்ணை, விலையும் குறைவு, ஆனால் சேற்றிலும் கல்லிலும் சீக்கிரம் தேயும், மழையில் பிடிமானம் போதாது. அலுமினியப் பெடலில் எஃகு முள், வளைந்தால் திருகிக் கழற்றி வேறு மாட்டலாம், உள்ளே பேரிங் மூடியிருப்பதால் தண்ணீர் போகாது, வருடக்கணக்கில் உழைக்கும். "ஷூவை முள் கவ்வுவதைக் காலில் உணர வேண்டும், அதுதான் விஷயம்" என்றார். "இவருக்குக் காலில் ஒன்றும் தெரியாது" என்றேன். "கவலைப்படாதீர்கள், ஆரம்பத்தில் எல்லாருக்கும் அப்படித்தான், ஓட்ட ஓட்டப் பழகிவிடும்" என்று சிரித்தார். நான் பெடலைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். ததேயுஸும் புரிந்தவர்போல அவரோடு சேர்ந்து சிரித்தார்.

நான் நெடுநேரம் அந்தச் சுவருக்கு முன்னால் நின்றேன். மொண்ணை முள்ளை வாங்கினால் கால் நழுவும், இறக்கத்தில் விழுந்தால் தலை போகும். கூர் முள்ளை வாங்கினால் நழுவாது. ஆனால் எப்போதாவது நழுவினால் பெடல் சுழன்று வந்து முழங்காலுக்குக் கீழே கிழித்துவிடும். சர்க்கரைக்காரரின் காலில் ஒரு கீறல் எங்கே கொண்டுபோய் விடும் என்று தினமும் வேலையில் பார்க்கிறவள் நான். கடைசியில் தலைதான் பெரிது என்று எஃகு முள்ளை எடுத்தேன். கூடவே முழங்காலுக்குக் கீழே முன்காலை மூடுகிற தடித்த காப்பு ஒரு ஜோடி, அடிப்பாகம் தடித்த ரப்பர் ஷூ ஒரு ஜோடி. ததேயுஸ் பெடலின்மேல் ஷூக் காலை வைத்து, குனிந்து கண்ணால் பார்த்து, "கொள்ளாம், நல்லா புடிக்கி" என்றார். மழை, சேறு, இறக்கம், முன்கால், எல்லாவற்றையும் யோசித்து வாங்கிவிட்டேன் என்று அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. புது வள்ளமோ மரமோ முதல் தடவை கடலில் இறங்கும்போது சாமியார் வந்து மந்திரித்த தண்ணீர் தெளிப்பார். அன்றைக்கு யாரும் செருப்புக் காலோடு அதில் ஏறக் கூடாது. சவூதிப் பணத்தில் வள்ளம் வாங்கி, பேன்ட்டும் ஷூவுமாக வந்து நிற்கிற முதலாளியும் ஷூவைக் கழற்றி மணலில் வைத்துவிட்டுத்தான் ஏறுவார். நம்மைச் சுமக்கப் போகிற பொருளை முதல் நாளே செருப்பால் மிதித்தால் அது நம்மைத் தாங்காது என்று நம்பிக்கை. பெடல் மாட்டிய மறுநாள் நான் காலை ஷிப்டுக்குப் போன பிறகு, ததேயுஸ் எங்கள் ஊர்த் திருவிழாவிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த மந்திரித்த தண்ணீர் பாட்டிலை எடுத்து இரண்டு பெடல்களிலும் தெளித்திருக்கிறார். சிலுவை போட்டிருக்கிறார். புது ஷூவை ஹேண்டில்பாரில் தொங்கவிட்டு, வெறுங்காலோடு ஏறி மிதித்திருக்கிறார். பைன் காடு தொடங்குகிற இடத்திலுள்ள கேட்டு வரைக்கும்தான், அதற்குப் பிறகு ஷூ போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பு. ஷரன் தோட்டத்தில் நின்று பார்த்திருக்கிறாள். "வெறுங்காலா? அதற்கேற்ற நாள்தான்!" என்று கையாட்டியிருக்கிறாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அவள் ஊர்க்காரர்கள் பாதிப்பேர் அப்படித்தான் திரிகிறார்கள்.

கேட்டு வரைக்கும் முழுக்க ஏற்றம். உடம்பின் கனத்தையெல்லாம் கொடுத்து எழுந்து நின்று மிதிக்க வேண்டும். கேட்டில் இறங்கி, காலைப் பார்க்காமலே காலுறையும் ஷூவும் மாட்டிக்கொண்டு, அன்றைய வேலை முழுவதையும் நின்றே முடித்திருக்கிறார். சாயங்காலம் காலுறையை உரிக்கும்போது அது பாதத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது. வலது பாதத்தில், விரல்களுக்குக் கீழே, தையல் மெஷின் ஓடிய மாதிரி வரிசையாகச் சிறு துளைகள்.

"அதுல முள்ளு இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"புதுசுல்லா. மொத மிதிய செருப்போட மிதிக்கலாமா?" என்றவர், குனிந்து தன் பாதத்தைப் பார்த்துச் சொன்னார்: "முள்ளு இருக்கது தெரியும் செசிலி. குத்துனது தெரியல்ல."

செய்ய வேண்டிய எல்லாவற்றையும் செய்தோம். அன்றைக்கே கழுவிக் கட்டினேன், மறுநாளே டாக்டர், மாத்திரை, ஊசி. எதையும் தவறவிடவில்லை. அப்படியும் கால் கேட்கவில்லை. துளைகள் மேலே மூடி உள்ளே புரையோடின. எலும்புக்குப் போய்விட்டது என்றார்கள். முதலில் பெருவிரலை எடுத்தார்கள். பிறகு, முழுக்காலைக் காப்பாற்ற வேண்டுமென்றால் இதுதான் வழி என்று, பாதத்தின் முன்பாதியை எடுத்தார்கள். பாசி பிடித்த மரத்தைக் கவ்விக்கொண்டு நின்ற ஐந்து விரல்களும் போயின. எத்தனையோ பேருக்கு இந்தச் செய்தியைச் சொல்லியிருக்கிறேன், ஆறுதல் சொல்லியிருக்கிறேன். அந்த வார்த்தைகளில் ஒன்றுகூட எனக்கு உதவவில்லை. கடவுள்மேலும் கோபம் வந்தது. அவருடைய தண்ணீரைத் தெளித்துத்தானே இவர் ஏறினார்.

அந்த இரண்டாவது ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற ஒரு பெண் வந்து படுக்கை ஓரம் உட்கார்ந்தாள். இந்த நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்களுக்கு, உடம்பிலிருந்து எடுத்த எதுவும் மண்ணுக்குத் திரும்ப வேண்டும் என்பது வழக்கம். அதனால் இங்கே இதை எல்லாரிடமும் கேட்கிறார்கள். எடுக்கிற பகுதியைத் திருப்பித் தரட்டுமா என்று அவள் மெதுவாகக் கேட்டாள். ஊர் ஆஸ்பத்திரியில் யாரும் கேட்டதில்லை. ததேயுஸ்தான் பதில் சொன்னார். "தரச் சொல்லு. எனக்க காலுல்லா." ஊருக்கு அனுப்பி அப்பா அம்மா கல்லறையில் வைக்க முடியுமா என்று கேட்டார். அது நடக்கிற காரியம் இல்லை. மில்லில் கூட வேலை பார்த்தவர்கள் பைன் பலகையில் சின்னப் பெட்டி ஒன்று செய்து தந்தார்கள். இங்குள்ள பங்குச் சாமியார் கல்லறைத் தோட்டத்து வேலியோரம் கொஞ்சம் இடம் கொடுத்தார். ததேயுஸ் வீல்சேரில் இருந்தபடி ஒரு பிடி மண் போட்டார்.

நான் செத்தால் எப்படியாவது ஊருக்குக் கொண்டுபோய்விடு, கடற்காற்று அடிக்கிற நம் கல்லறையில் வை என்று முன்பெல்லாம் வாரம் ஒருமுறையாவது சொல்லுவார். இப்போது அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. ஊரில் யாருக்கும் காலைப் பற்றிச் சொல்லவும் இல்லை. பைக் ஷெட்டில் நிற்கிறது. போன வாரம் பெடலைத் துடைத்துப் பார்த்தேன். கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. ஒரு முள்கூட மழுங்கவில்லை.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. ஊரில் அன்றைக்கு விடியும் முன்பே எல்லாரும் மெழுகுதிரியோடு கல்லறைக்குப் போவார்கள். இங்கே அப்போது மதியம், வசந்த காலம், ஊசி மாதிரி குளிர் காற்று. ததேயுஸ் ஊன்றுகோலோடு வேலியோரம் நின்று, காற்றுக்கு உடம்பை மறைப்பாகக் கொடுத்துத் திரி கொளுத்தினார். அந்த நேரம் பார்த்து அவருடைய அக்கா லில்லி ஊரிலிருந்து கூப்பிட்டாள். அப்பா அம்மா கல்லறையில் நிற்கிறாளாம். நாங்களும் கல்லறையில்தான் நிற்கிறோம் என்று இவர் சொன்னார்.

"அங்ஙன நமக்கு ஆருமில்லியே மக்கா. நீ ஆருக்குத் திரி கொளுத்துக?"

"எனக்குத்தான்."

"சும்ம கெடலே. நல்ல நாளும் அதுவுமா பேசுகத பாரு" என்று அக்கா வைதாள். பிறகு அவளே சிரித்தாள். பின்னால் ஊர்க் கோயில் மணி அடிப்பது போனில் கேட்டது.

போனைப் பையில் போட்டுவிட்டு அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். கல்லறையில் செருப்போடு நிற்கக் கூடாது என்று, முழுதாக மிச்சமிருந்த இடது காலின் ஷூவைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன். அந்தக் காலை அவர் கீழே வைப்பதற்கு முன் நான் குனிந்து, புல்லில் முள் கிடக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்தேன்.