சஷ்டி விரதமும் ஒரு தாடி ஓணானும்

மூன்று வருடங்களுக்கு முன், கந்த சஷ்டி தொடங்கிய வாரத்தில், லண்டன் கிங்ஸ்பரியில் உள்ள எங்கள் வீட்டில் நடந்தது இது. இன்றைக்கும் யாருக்காவது சொல்லத் தொடங்கினால் பாதியில் என் குரல் இறங்கிவிடும்.

என் மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது. நாய் கேட்டாள், பூனை கேட்டாள். இரண்டுக்கும் நான் மாட்டேன் என்றதும், ஒரு நாள் தகப்பனும் மகளுமாகப் போய் ஒரு தாடி ஓணான் குஞ்சை வாங்கி வந்தார்கள். இங்கே அதை 'பியர்டட் டிராகன்' என்பார்கள். பெயர்தான் டிராகன், அப்போது என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதற்கு ஒரு கண்ணாடித் தொட்டி, சூட்டுக்கு ஒரு பல்பு, வெயிலுக்குப் பதிலாக ஒரு டியூப் லைட், தின்ன ஒரு பெட்டி நிறைய உயிருள்ள சில்வண்டுகள். சாமிப் படங்கள் அடுக்கிய சாமித்தட்டு இருக்கும் அறையிலேயே இவ்வளவும் வந்து குந்திக்கொண்டன. நான் ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். ஆனால் நான் வேலையால் வீட்டுக்கு வரும்போது அது தலையைச் சரித்து என்னைப் பார்க்கும். அதில் கொஞ்சம் கொஞ்சமாக விழுந்துவிட்டேன்.

அந்த வாரம் மகள் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் வேல்ஸ் போனாள். போகும்போது ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டினாள்: எத்தனை பூச்சி, எந்த நேரம், எந்தக் கீரை, பூச்சியில் தூவுகிற கல்சியம் பவுடர் எவ்வளவு என்று. நான் பார்த்தேன், வாசிக்கவில்லை. ஒரு பிள்ளையை வளர்த்தவளுக்கு ஓணானுக்குச் சாப்பாடு கொடுக்கத் தெரியாதா என்ற எண்ணம். இதில் வேடிக்கை, நான் வேலை செய்வது மருந்துக்கடையில். பெட்டிக்குள் இருக்கும் தாளைக் கட்டாயம் வாசியுங்கள் என்று நாள் முழுக்க மற்றவர்களுக்குச் சொல்பவள் நான்.

சஷ்டி ஆறு நாளும் எங்கள் வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் கிடையாது. முட்டைகூட வாசல் தாண்டாது. அப்படியிருக்க, முருகனுக்கு முன்னால் உயிரோடு பூச்சியைப் பிடித்துப் போடுவதா? சில்வண்டுப் பெட்டியைத் தோட்டத்துக் கொட்டிலில் கொண்டுபோய் வைத்தேன். தொட்டியைப் பின்னறைக்கு நகர்த்தினேன். அங்கே ஒரேயொரு பிளக் இருந்ததால் சூட்டு பல்பை மட்டும் போட்டேன். ஜன்னலோரம்தானே, வெளிச்சம் வரும் என்று டியூப் லைட்டை விட்டுவிட்டேன். நவம்பர் மாத லண்டன் வெளிச்சம்! சாப்பாட்டுக்கு ஸ்பினாச்சை நறுக்கிப் போட்டேன், பவுடரைத் தொடவேயில்லை. கணவர் ஒரு தரம் கேட்டார்.

"பூச்சி ஒண்டும் குடுக்கேல்லையோ?"

"ஆறு நாள்தானே. அதுக்குள்ள செத்தா போயிடும்?"

ஐந்தாம் நாள் எனக்கு வேலை இல்லை. மத்தியானம் எட்டிப் பார்த்தால், கீரை அப்படியே வாடிக் கிடக்கிறது. ஓணான் பக்கத்தில் தட்டையாகப் படுத்திருக்கிறது. முன்கால்கள் இரண்டும் விட்டுவிட்டு நடுங்கின. கையில் எடுத்தேன். உடம்பை நிமிர்த்த அதால் முடியவில்லை. கால் சப்பாத்து வந்த ஓர் அட்டைப் பெட்டியில் துணி விரித்து, சுடுதண்ணீர்ப் பையின் மேல் வைத்து, கோட்டுக்குள் அணைத்தபடி பஸ் ஏறினேன். ஊர்வன பார்க்கும் மிருக வைத்தியரிடம் போய்ச் சேரும்வரை மகளின் முகம்தான் முன்னால் நின்றது.

வைத்தியர் ஒரு வெள்ளைக்காரப் பெண். இந்த வாரம் என்ன சாப்பிட்டது என்று கேட்டார். நன்றாகத்தான் சாப்பிட்டது என்றேன். அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். மாத்திரையை நிறுத்திவிட்டு ஒழுங்காகப் போடுகிறேன் என்பவர்களை நானும் கடையில் அப்படித்தான் பார்ப்பேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. எல்லாவற்றையும் சொன்னேன், சஷ்டி உட்பட.

அவர் சிரிக்கவில்லை. வளரும் குஞ்சுக்குப் பூச்சிதான் முக்கியச் சாப்பாடு, ஸ்பினாச் உடம்பில் கல்சியம் சேராமல் தடுக்கும், கல்சியம் சேர வேண்டிய புற ஊதாக் கதிரை ஜன்னல் கண்ணாடி மறித்துவிடும், கல்சியம் குறைந்தால் எலும்பு இளகும், நடுக்கம் வரும் என்று பொறுமையாக விளக்கினார். பிறகு, அறிய வேண்டும் என்ற ஆவலில், உங்கள் பிள்ளைகளும் இந்த விரதம் இருப்பார்களா என்று கேட்டார்.

"சேச்சே, வளருற பிள்ளையளை நாங்கள் பட்டினி போடமாட்டம்" என்கிற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னேன். சொல்லி முடித்த கையோடு என் கண் கீழே போனது. பெட்டிக்குள் அது நடுங்கிக்கொண்டிருந்தது.

சொட்டு மருந்து தந்தார். பிழைக்குமா என்று இரண்டு நாள் போனால்தான் சொல்லலாம் என்றார். தெம்பு வந்ததும் சின்னச் சில்வண்டு கொடுக்கச் சொன்னார். ஓணானின் இரண்டு கண்களுக்கும் இடையில் உள்ள தூரத்தைவிடப் பெரிய பூச்சி என்றால் குடல் அடைத்துக்கொள்ளுமாம்.

ஆறாம் நாள் கோயிலில் சூரன் போர். கணவர் வேட்டி கட்டிக்கொண்டு நின்றார்.

"இன்னும் வெளிக்கிடேல்லையோ?"

"நீங்கள் போட்டு வாங்கோ. இதை விட்டுட்டு என்னால வரேலாது."

தொட்டியைச் சாமித்தட்டுக்குப் பக்கத்தில் பழைய இடத்திலேயே வைத்து, இரண்டு விளக்கையும் போட்டேன். கொட்டிலில் வைத்த பூச்சிகள் குளிரில் செத்துப்போயிருந்தன. உயிரைக் கொல்லக்கூடாது என்றுதான் அங்கே வைத்தேன்! புதிதாக வாங்கிய குட்டிச் சில்வண்டுகளைப் பவுடரில் பிரட்டி, ஒவ்வொன்றாக இடுக்கியில் பிடித்து நீட்டினேன். விரதத்தில் எனக்குத் தலை சுற்றியது. அது திரும்பியும் பார்க்கவில்லை. மூன்றாம் முறை நாக்கு மெல்ல வெளியே வந்து பூச்சியை இழுத்துக்கொண்டது. இடுக்கியைக் கையில் வைத்தபடியே அழுதேன்.

மறுநாள் மகள் சப்பாத்தைக் கழற்ற முதலே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் நேரே தொட்டியடிக்குப் போய்க் குனிந்து பார்த்தாள்.

"ஃபிரிட்ஜில ஒட்டினனான் எல்லோ அம்மா. ஏன் வாசிக்கேல்லை?"

கத்தியிருந்தால் பரவாயில்லை. மெதுவாகத்தான் கேட்டாள்.

அது பிழைத்துவிட்டது, இப்போது என் முழங்கை நீளம். இடது முன்கால் மட்டும் கொஞ்சம் வளைந்தே போயிற்று, இனி நிமிராதாம். மகளின் தாள் இன்னும் ஃபிரிட்ஜில் இருக்கிறது. நான் இன்றும் சஷ்டி பிடிக்கிறேன். விளக்கேற்றும்போது பக்கத்துத் தொட்டியில் அந்த வளைந்த காலை ஊன்றி அது என்னைப் பார்க்கும். மன்னிப்பை முருகனிடம் கேட்பதா அதனிடம் கேட்பதா என்று தெரியாமல், இரண்டு பேரிடமும் கேட்டுவிட்டுத்தான் பூச்சிப் பெட்டியைத் திறக்கிறேன்.