ஐஸ் காபிக்காக நான் செய்த சபதம்

சந்தேகப்படுவதற்குச் சம்பளம் உண்டென்றால் நான் அந்த நாளிலேயே மயிலாப்பூரில் மாடி வீடு கட்டியிருப்பேன். பால்காரன் மேல் சந்தேகம், டிராம் கண்டக்டர் மேல் சந்தேகம், என் சொந்தக் கைக்கடிகாரத்தின் மேல் கூடச் சந்தேகம். எல்லாவற்றையும் தூக்கியடித்தது ஐஸ் காபி விவகாரம்.

குளத்துக்குப் பக்கத்தில் ஒரு காபி கிளப். ஆபீஸுக்கு டிராம் ஏறுமுன் அங்கே ஒரு டம்ளர் இறங்காவிட்டால் எனக்குக் கையெழுத்துக்கூட நேராக வராது. ஒரு சித்திரை மாதம் முதலாளி சுவரில் புதுப் பலகை மாட்டினார்: காபி அரையணா, ஐஸ் காபி ஓரணா.

எனக்குச் சுருக்கென்றது.

"ஏன் ஓய், சூடு காபிக்கு விறகு எரியறது, ஆள் நின்னு ஆத்தறான். இதுல பாதி டம்ளர் ஐஸ். ஐஸ்னா தண்ணிதானே? தண்ணிக்கு இரட்டை விலையா?"

"குடிச்சுப் பார்த்துட்டுப் பேசுங்கோ, சார்" என்றார் முதலாளி, கல்லாவிலிருந்து தலை நிமிராமல்.

"குடிக்க வைக்கிற தந்திரந்தானே இது!"

"விடாதேயும் ஓய்!" என்று பக்கத்து மேஜையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பென்ஷன்காரர் ஏற்றிவிட்டார். ஏற்றிவிட ஆள் இருந்தால் நான் எங்கே வேண்டுமானாலும் ஏறுவேன். எழுந்து நின்றேன்.

"ரெண்டும் ஒரே விலை ஆகிற வரைக்கும் இந்தக் கிளப்பில் ஒரு சொட்டு காபி தொடமாட்டேன்!"

குடுமி இருந்திருந்தால் அவிழ்த்தும் விட்டிருப்பேன். கிராப்பு வைத்து ஆறு மாதம் ஆகியிருந்தது. தெருவில் இறங்கிய பிறகுதான் உறைத்தது, என் டம்ளரில் பாதிக் காபி மிச்சம்.

அன்று முதல் வீட்டுக் காபி. என் மனைவிக்கு அதுவே சந்தேகம்.

"ஏன்னா, திடீர்னு ஆத்துக் காபி? கிளப்ல யாரோட சண்டை?"

அவள் சமையலில் குறை சொல்ல முடியாது. காபி மட்டும் கஷாயத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை. ஐந்தே நாளில் தலைவலி வந்து, ஆபீஸில் துரைக்கு எழுதிய கடிதத்தில் என் பெயரையே தப்பாக எழுதினேன். முதலாளியின் புரட்டை நிரூபித்தால்தான் கிளப்புக்குத் திரும்ப வழி என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஐஸ் டிப்போவுக்குப் போனேன்.

"இன்னா சாமி, ஒரு பாத்திரங்கூட இல்லாம வந்துகீறே?" என்று சிரித்தபடி ஐஸ்காரர் மரத்தூளிலிருந்து ஒரு கட்டியை எடுத்து என் மேல்துண்டில் கட்டினார். "ஊட்டுக்குப் போறதுக்குள்ள கரைஞ்சிடும். ஓடு!"

ஓடினேன். தேங்காயளவு வாங்கியது வீடு சேரும்போது எலுமிச்சையளவு. அதை டம்ளரில் போட்டு, வீட்டுக் காபியை மேலே ஊற்றினேன். காபி அரிசி கழுவிய தண்ணீர் நிறத்துக்கு வந்தது. மேலே மரத்தூள் மிதந்தது.

மனைவி ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"ஐஸ் கரைஞ்சா காபி நீர்த்துப் போகாதா? டிகாக்ஷன் ரெண்டு பங்கு விடணும். பாலைச் சுண்டக் காய்ச்சி ஆற வெக்கணும். அப்புறம் நீங்க வழியெல்லாம் கோலம் போட்டுண்டு வந்தேளே, அந்த ஐஸுக்கு யார் பணம் கொடுப்பா? கிளப்காரர் ஓரணா கேக்கறது நியாயந்தான்."

முதலாளி முன்கூட்டியே வந்து இவளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போயிருப்பாரோ என்று பார்த்தேன். அவர் வந்த சுவடு ஒன்றும் தெரியவில்லை.

மறுநாள் காலை தலையைக் குனிந்துகொண்டு கிளப்பைத் தாண்டினேன். முதலாளி வாசலுக்கே ஓடிவந்து கையைப் பிடித்தார்.

"சார், உங்க சபதம் நிறைவேறிடுத்து. உள்ளே வாங்கோ!"

பலகையைப் பார்த்தேன். காபி ஓரணா. ஐஸ் காபி ஓரணா.

"பால் விலை ஏறி நாலு மாசமாச்சு" என்றார் ரகசியமாக. "எப்படி ஏத்தறதுன்னு முழிச்சிண்டிருந்தேன். இப்போ யார் கேட்டாலும், ரெண்டும் ஒரே விலையா இருக்கணும்னு சார்தான் ஒத்தைக் கால்ல நின்னார்னு சொல்லிடறேன்."

அத்தனை பேரிடமும் சொல்லியாகிவிட்டது என்பது நான் உள்ளே நுழைந்ததும் தெரிந்தது. என்னை ஏற்றிவிட்ட பென்ஷன்காரர் பேப்பரையும் டபராவையும் தூக்கிக்கொண்டு, "நன்னாப் பண்ணினீர் ஓய்!" என்று வேறு மேஜைக்குப் போனார்.

தனியாக உட்கார்ந்து ஐஸ் காபிக்குச் சொன்னேன். அருமையாகத்தான் இருந்தது. ஐஸ்தான் கொஞ்சம் குறைத்துப் போட்டுவிட்டாரோ என்று டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன்.