கயிற்றில் நான்கு இழுப்பு

பெர்னாட்டுக்கு அன்றைக்குச் சோதனை. மகாவலி ஆற்றுத் தண்ணீருக்குள் இருக்கும் இரும்புக் கம்பித் தடுப்பில் அடைந்த குப்பையை ஒரு சிலிண்டர் காற்று முடிவதற்குள் எடுத்துவிட்டால், எங்கள் கொந்தராத்துக் கம்பனியில் சுழியோடி வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் ஊருக்கு, தெல்தோட்டைக்கு, பஸ் ஏற வேண்டியதுதான்.

நான் சுழியோடி இல்லை. எனக்கு நீந்தவே வராது. சுழியோடியின் இடுப்பில் கட்டிய கயிற்றைக் கரையில் நின்று பிடிக்கிறவன்.

காலையில் பயிற்சி கொடுக்கும் சுனில் மாத்தையா எங்களை உட்கார வைத்து முன்னோடிகளின் வரலாறு சொன்னார். முதலில் தலையை முழுக்க மூடும் செம்புத் தொப்பியாம். மேலே ஆட்கள் பம்ப் அடித்துக் காற்று அனுப்ப வேண்டும். அவர்கள் தேத்தண்ணி குடிக்கப் போனால் கீழே உள்ளவர் கதை முடிந்தது. பிறகு பிரான்சில் ஒரு கடற்படைக்காரரும் ஒரு எரிவாயு இன்ஜினியரும் சேர்ந்து, மூச்சு இழுக்கும்போது மட்டும் காற்றுத் தரும் ரெகுலேட்டரைச் செய்து சிலிண்டரில் பூட்டினார்களாம்.

"அதுக்குப் பிறகு மேல உள்ள ஆளை நம்பத் தேவையில்ல," என்றார் மாத்தையா.

பெர்னாட் என்னைப் பார்த்துச் சிரித்தான். "கேட்டீங்களா சவரி அண்ணே? ஒங்க வேலைக்கு அப்பவே வேட்டு வச்சிட்டாங்க."

"அவங்க மகாவலியில எறங்கலடா தம்பி. எறங்கியிருந்தா கயித்தோடதான் எறங்கியிருப்பாங்க."

மழைக்குப் பிறகு அந்தத் தண்ணீரில் தன் கையே தனக்குத் தெரியாது. கயிறுதான் பேச்சு. ஒரு இழுப்பு என்றால், சுகமா? நான்கு இழுப்பு என்றால், போட்டதைப் போட்டபடி விட்டு மேலே வா.

வழக்கமாகப் பதினொன்றரைக்கே சாப்பாட்டுக்கு ஏறிவிடுவோம். அன்றைக்குச் சிலிண்டருக்குக் காற்று அடிக்கும் கம்ப்ரசர் மக்கர் பண்ணியதால் எல்லாம் பிந்திவிட்டது. பாதிக் குப்பை வந்திருந்தபோது மாதா கோயிலில் பன்னிரண்டு மணி அடித்தது. மூவேளை ஜெப நேரம். சின்ன வயதிலிருந்தே அந்த மணி கேட்டால் என் வலது கை என்னைக் கேட்பதில்லை. நெற்றி, நெஞ்சு, இடது தோள், வலது தோள். கயிற்றோடு சிலுவை போட்டிருக்கிறேன் என்பது பாதி ஜெபத்தில்தான் உறைத்தது. அதற்குள் பெர்னாட்டின் தலை வெளியே வந்துவிட்டது.

"ஏன் வந்தது? இன்னும் பாதி இருக்குதானே," என்றார் மாத்தையா.

"நாலு இழுப்பு வந்திச்சு சேர்."

மாத்தையா என்னைப் பார்த்தார். நான் இழுக்கவில்லை, கயிறு கட்டையில் சிக்கியது என்று சொன்னால் நான் தப்பிவிடுவேன். பெர்னாட் பயந்து ஏறியதாக ஆகிவிடும். கம்ப்ரசர் பார்க்கும் நளீம் நானா என் காதருகே வந்தார்.

"செல்லிடுங்க சவரி. ஒங்கட மாதா பாத்துட்டுத்தான் ஈக்கிறா."

"நான்தான் சேர் இழுத்தேன்."

"ஏன், ஆபத்தா?"

"இல்ல சேர். மணி அடிச்சிச்சு."

அவருக்கு விளங்கவில்லை. கயிற்றைப் பிடித்தபடி மறுபடி செய்து காட்டினேன். மறுமுனையில் நின்ற பெர்னாட் நான்கு தரம் ஆடினான். மாத்தையா தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. பிறகு பெர்னாட்டிடம் கேட்டார்.

"கீழ கையில என்ன இருந்தது?"

"பெரிய கட்ட சேர். இன்னொரு தரம் இழுத்திருந்தா வந்திருக்கும்."

"அதை விட்டுட்டு வந்ததா?"

"நாலு வந்தா வரணும்னு நீங்கதானே சொன்னீங்க."

"குப்பை எடுக்க யாருக்கும் பழக்கலாம். கையில உள்ளதை விட்டுட்டு வாறதப் பழக்குறதுதான் கஷ்டம். நீ பாஸ்." என் பக்கம் திரும்பினார். "சவரி ஃபெயில்."

ஒரு மாதம் நளீம் நானாவுக்குக் கம்ப்ரசர் துடைத்தேன். "நான் தொழப் போறன், இதுல கை வெச்சிடாதீங்க," என்று தினமும் சொல்லிவிட்டுப் போவார்.

கயிறு பிடிக்க வரும் பிள்ளைகளே, ஜெபத்தைக் குறைக்க வேண்டாம். மணிக்கு முன்னால் கயிற்றை இடது கைக்கு மாற்றிவிடுங்கள். இப்போது கயிறு மறுபடி என் கையில். நான் மறந்தாலும் பெர்னாட் மறப்பதில்லை. பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முந்தி கீழேயிருந்து ஒரு தரம் இழுப்பான். நான் கையை மாற்றிக்கொண்டு, திருப்பி ஒரு தரம் இழுப்பேன்.