பத்துப் படங்களும் ஒரு காபியும்

ஒவ்வொரு டிசம்பரிலும் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்த வருடத்தின் சிறந்த பத்துப் படங்களை அறிவிப்பது என் வழக்கம். யாரும் கேட்பதில்லை. குவைத்தின் ஃபஹாஹீலில் ஏசி மெக்கானிக்காக இருப்பவனுக்கு வேறு எதில் தீர்ப்புச் சொல்ல வாய்ப்புக் கிடைக்கும்? ஊரில் வெள்ளிக்கிழமை வரும் படம் குவைத்தில் பெரும்பாலும் வியாழக்கிழமையே வந்துவிடும். அந்த ஒரு நாள்தான் என் அதிகாரம். ஊரில் மனைவியின் அண்ணன், என் மச்சான், டிக்கெட் எடுப்பதற்குள் "செகண்ட் ஹாஃப் இழுவை" என்று போட்டுவிடுவேன்.

போன தடவை பட்டியலில் எட்டுப் படங்களில் ஹீரோ நூறு பேரை அடித்தார். ஒன்பதாவதில் இருநூறு பேரை அடித்தார். பத்து என்று சொல்லிவிட்டோமே என்பதற்காக அவற்றைச் சேர்த்தேன். முதலிடம் மட்டும் யோசித்துக் கொடுத்தது. சின்னப் படம். நான்கு வருடம் வெளிநாட்டில் கிடந்த கணவன் வீடு திரும்புகிறான். கதவு திறக்கிறது. மனைவி நிற்கிறாள். அடுத்த காட்சியில் அவன் காபி குடித்துக்கொண்டிருக்கிறான். தியேட்டரில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். குழுவில் இப்படி எழுதினேன்: "கட்டிப்பிடி இல்லை, கண்ணீர் இல்லை, ஒரே ஒரு காபி. தமிழ் சினிமாவுக்குப் புத்தி வந்துவிட்டது."

மச்சான் கட்டைவிரலை உயர்த்தினார். என் மனைவி மூன்று நாள் போனையே எடுக்கவில்லை. நான்காம் நாள் எடுத்தாள்.

"நாலு வருஷம் கழிச்சு வர்றவன் காபி குடிக்கிறது உங்களுக்கு அவ்ளோ பிடிச்சிருக்கோ?"

"அது டைரக்டர் டச். உனக்குப் புரியாது."

"என்ன டச்? கதவத் தொறந்ததும் அவன் சட்டையப் புடிச்சுக்கிட்டு எதுக்குப் போனன்னு அடிக்கிறா. அவன் கட்டிக்கிட்டு அழுவுறான், முத்தம் குடுக்குறான். தியேட்டரே அழுதுச்சு. நீங்க தூங்கிட்டீங்களா?"

தூங்கவில்லை. இங்கே சென்சாரில் கத்தரி போட்டுவிட்டார்கள். முத்தம் வந்தால் வெட்டிவிடுவார்கள் என்று நாங்கள் தங்கும் தொழிலாளர் கேம்ப்பில் சமையல் செய்பவருக்குக்கூடத் தெரியும். முத்தத்தோடு அழுகையும் அடியும் சேர்ந்து போயிருக்கின்றன. பெரிய ரசிகன் நான், கத்தரி பிடித்தவருக்கு முதலிடம் கொடுத்திருக்கிறேன்.

வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. நான் ஊருக்குப் போய் இரண்டரை வருடமாகிறது. அவள் கேட்டது அந்தப் படத்தைப் பற்றி இல்லை.

"நான் வந்தா அப்படி இருக்க மாட்டேன்" என்றேன்.

"பாப்போம்" என்று வைத்துவிட்டாள்.

மார்ச்சில் லீவு கிடைத்தது. நான் பார்க்காத அந்தக் காட்சியை விமானத்தில் வழிநெடுக ஒத்திகை பார்த்தேன். சட்டையைப் பிடித்தால் என்ன சொல்வது என்றுகூட முடிவு செய்துவைத்திருந்தேன். கார் வாசலில் நின்றது. கதவைத் திறந்தது மச்சான். ஹாலில் அம்மா, மாமியார், சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர்கள், என் பெட்டியை விட்டுக் கண்ணெடுக்காத இன்னும் சிலர். ஆளுக்கொரு பக்கம் பிடித்து என்னை நடு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். எங்கள் வீட்டில் கத்தரி போடத் தனியாக அதிகாரி தேவையில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவள் வந்தாள். கையில் டம்ளர்.

"குடிங்க" என்றாள். பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி, "உங்க நம்பர் ஒன் படம்" என்றாள்.

டம்ளரை என் கையில் வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். சர்க்கரையே போடவில்லை.