ஞானாபரணம் போட்ட சாவுச் சேதிகள்

சீனிவாசலுவுக்கு நான் வாய்க்கரிசி போடாமல் போனதற்கு ஞானாபரணம்தான் காரணம். இதைப் பல வருசமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர் முகத்துக்கு நேரேயும் சொல்லியிருக்கிறேன்.

ஞானாபரணம் அன்னூரில் பத்திரம் எழுதிப் பிழைத்தவர். அந்த வேலையை விட்டதும் சும்மா இருக்க முடியாமல், ஊரில் யார் செத்தாலும் சேதி போடுகிற வலைப்பூ ஒன்றைத் தொடங்கினார். வெளியூரில் பிழைக்கிற அன்னூர்க்காரர்கள் எல்லாரும் அதைத்தான் பார்ப்பார்கள். அதனால் சாவு வீட்டில் யாரும் யாருக்கும் போன் செய்வதையே விட்டுவிட்டார்கள்.

பந்தல், நாற்காலி வாடகைக்கு விடுகிறவன் நான். என் கூட்டாளி சீனிவாசலு செத்த அன்று கோபியில் ஒரு கல்யாணப் பந்தலில் நின்றிருந்தேன். சேதி மறுநாள்தான் வந்தது. அதுவரை ஞானாபரணம் எழுதியதில் பிழை பார்த்துக்கொண்டிருந்தார். பத்திரத்தில் ஒரு வரி பிசகினால் பேரன் காலம்வரை கோர்ட்டுக்கு அலைவார்கள் என்பார். அந்தப் பயத்தில், நிலத்துக்கு எழுதுவதுபோலச் சாவுச் சேதிக்கும் நான்கெல்லை எழுதுவார். 'கிழக்கே தார்ரோடு, மேற்கே மாசாணியம்மாள் வீடு, வடக்கே வாய்க்கால், தெற்கே பொதுக்கிணறு, இதற்கு உள்பட்ட ஓட்டு வீட்டில் காலமானார்.' பிறகு மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை படித்துப் பார்ப்பார். அதற்குள் சாம்பலைக் கரைத்திருப்பார்கள்.

போய்க் கேட்டேன்.

"எழுத்துல ஒரு தப்புக் காட்டுங்க பார்க்கலாம்" என்றார்.

"தப்பில்லீங்க. ஆளுந்தான் இல்லீங்க."

ரோசம் வந்து ஒரே ஒரு முறை அவசரப்பட்டார். உள்ளூர் ராமாமணியின் புருசன் செத்ததற்கு, செத்தவருடைய அண்ணன் படத்தைப் போட்டுவிட்டார். மாலையோடு போனவர்களுக்கு அண்ணன்காரரே பல் விளக்கிக்கொண்டு கதவைத் திறந்தார். "வெச்சுட்டுப் போங்க, என்னைக்கா இருந்தாலும் வேணுமில்ல" என்றாராம். அதற்குப் பிறகு ஞானாபரணம் இன்னும் மந்தமாகிவிட்டார்.

போன தை மாதம் அவர் சம்சாரம் அமலி போய்விட்டது. சாயங்காலம் நாலு மணிக்கு மாதா கோயிலுக்கு எடுப்பதாகப் பேச்சு. அமலியிடம் தையல் பழகிய பெண்கள் பெருந்துறை, திருப்பூர் என்று கம்பெனி கம்பெனியாகக் கிடக்கிறார்கள். உச்சிவேளை ஆகியும் ஒருத்திகூட வரவில்லை. பக்கத்து வீட்டார் நாலு பேரைத் தவிர, நான் இறக்கிய நாற்காலி பூராவும் காலி. ஞானாபரணம் பெட்டிக்குப் பக்கத்தில் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க, இன்னும் போடலீங்களா?"

"எழுதியாச்சுங்க. இன்னொருக்காப் பார்த்துக்கறேன்."

"உங்க சம்சாரத்துக்குமா எல்லை கட்டறீங்க? அந்தப் புள்ளைங்க பஸ் புடிச்சு வரோணுமில்லீங்க. மூஞ்சியப் பார்க்காம அழுதுட்டுக் கெடக்கட்டும்கறீங்களா?"

அவர் நாற்காலிகளைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். கட்டை விரல் போன்மேல் போவதும் வருவதுமாக இருந்தது. கடைசியில் போனை என் கையில் வைத்தார்.

"என்னால ஆகலீங்க. நீங்க அமுத்திப்போடுங்க. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்."