கணுக்காலுக்கு மேலே ஒரு பெருவிரல்

அஞ்சலை அத்தை இறந்த செய்தி வந்தபோது, அம்மா வாசற்படியில் இரண்டு கால்களையும் நீட்டிக்கொண்டு அவருக்காகத்தான் காத்திருந்தாள். அத்தையின் மருமகள் வந்து, "தூக்கத்துலயே பூட்டாங்க" என்றாள். அம்மா கால்களை மடக்கிக்கொண்டாள். "காலைல வரேன்னாளே" என்று மட்டும் சொன்னாள்.

அத்தையை அறிந்த நீங்கள் அவருடைய சிரிப்பைப் பற்றிப் பேசுவீர்கள். எனக்கு அவர்மேல் அன்பைவிடப் பொறாமையே அதிகம் இருந்தது. அதை மறைத்து எழுதினால் அவரைப் பற்றி எழுதியதாகாது.

அத்தைக்கும் அம்மாவுக்கும் இதயம் பலவீனம். இருவரும் பழவேற்காடு ஏரியில் அமர்ந்து, பறி என்னும் ஓலைக்கூடையைப் பல்லில் கவ்வியபடி, சேற்றுக்குள் கையால் இறால் தடவியவர்கள். நாளெல்லாம் தண்ணீரில் ஊறும் கால் வீங்கினால் எங்கள் ஊரில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. "ஏரித் தண்ணி ஏறிகீது, காஞ்சா எறங்கிடும்" என்பார்கள். படுத்தால் மூச்சு முட்டி, சுவரில் சாய்ந்தே தூங்கத் தொடங்கிய பிறகும் அம்மா அதையேதான் சொன்னாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கூட்டி வந்தபின் நான் தேடித்தேடிப் படித்தேன். உப்பு, தினசரி எடை, நீர் மாத்திரை என்று ஒவ்வொன்றாக விளக்கினேன். "பொஸ்தகத்த மூடு. கருவாட்ட நான் பொறந்ததுலேந்து துன்றேன்" என்றாள் அம்மா. பக்கத்தில் இருந்த அத்தைதான், "இன்னா சொன்ன, திருப்பிச் சொல்லு" என்று கேட்டார். சொன்னேன்.

மறுநாள் காலை அத்தை எங்கள் வாசலில் உட்கார்ந்து, அம்மாவின் கணுக்காலுக்கு மேலே பெருவிரலை அழுத்தி எடுத்தார். விழுந்த குழி மேலெழவில்லை.

"பாருடி கஸ்தூரி. நீ ஏரில எறங்கி எத்தினி நாளாவுது? இது ஏரித் தண்ணியா? உள்ள நிக்கிற தண்ணிடி."

"ஒனக்கு யார்டி சொன்னது, பெரிய டாக்டரு?"

"யாரு சொன்னா இன்னா? இனிமே கருவாட்டுச் சட்டிகிட்ட போனா கைய ஒடிப்பேன்."

அம்மா சிரித்தாள். அன்றோடு எங்கள் வீட்டில் கருவாடு நின்றது. அத்தனையும் என் சொற்கள். என் வாயில் கசந்தவை அவர் வாயில் இனித்தன.

அதன்பின் தினமும் இருவரும் எடை மெஷினில் ஏறி இறங்குவார்கள். ஒருவர் காலை ஒருவர் அழுத்திப் பார்ப்பார்கள். எடை திடீரென ஏறினால் அன்றே ஆஸ்பத்திரி. சந்தை நாளில் வழியில் ஒதுங்க இடமில்லையென்று நீர் மாத்திரையை விட்டுவிடாமல், டாக்டரிடம் கேட்டு நேரத்தை மாற்றிக்கொண்டார்கள். அதற்கும் என்னை அழைக்கவில்லை. நான் பார்க்கிறேன் என்றால் அம்மா காலை இழுத்துக்கொள்வாள். "பொண்ணு அம்மா கால தொடக் கூடாது, போ."

ஒருநாள் என் முகத்தைப் பார்த்து அத்தை சொன்னார்: "நீ சொன்னா அவளுக்கு பயமா கீதாம். நானும் பயந்தவன்னு அவளுக்குத் தெரியும், அதான் கேக்குறா." அந்தப் பதில் எனக்குத் தோன்றவில்லையே என்று அதற்கும் பொறாமைப்பட்டேன்.

காரியத்தன்று, போனவருக்குப் பிடித்ததைப் படைப்பது வழக்கம் அல்லவா? இத்தனை காலம் அவர் தொடாத கருவாட்டுக் குழம்பைப் படைத்தார்கள். பந்தியில் அம்மாவின் இலையிலும் ஊற்றினார்கள்.

"வேணாம்மா" என்றேன்.

"பாத்துப் பாத்துதான துன்னா? அவளே பூட்டா."

"பாத்ததாலதாம்மா இத்தினி நாள் ஒன்கூட இருந்தாங்க."

அம்மா குழம்பை விரலால் ஓரம் ஒதுக்கிவிட்டு மோர் கேட்டாள்.

மறுநாள் காலை எடை பார்த்துவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்து, என் பக்கமாகக் காலை நீட்டினாள். அழுத்தினேன்.

"அவ இன்னும் கொஞ்சம் மேல அமுக்குவா" என்றாள்.

விரலை மேலே நகர்த்தினேன். அத்தையிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்த இடம். தினமும் அங்கே விரல் வைக்கிறேன்; எனக்கு முன்பே அவர் விரல் அங்கே இருக்கிறது.