தொண்ணூற்றெட்டு வயதில் ஒரு சண்டை

தொண்ணூறுகளில் நான் கல்முனைப் பக்கம் கிராம சேவகராக, ஊர்ச்சனம் சொல்வதுபோல் விதானையாராக, இருந்தேன். ஓய்வூதியக்காரர் உயிரோடு இருக்கிறார் என்று வருடத்துக்கு ஒருமுறை எழுதிக் கொடுப்பதும் என் வேலைகளில் ஒன்று. மற்றவர்கள் அலுவலகத்துக்கு வருவார்கள். ஒருவருடைய வீட்டுக்கு மட்டும் நான் போவேன். நீர்ப்பாசன இலாகாவில் குளக்கட்டு வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியராக இருந்தவர். வயது தொண்ணூற்றெட்டு.

அவரை யாரும் கைவிட்டிருக்கவில்லை. பேத்தி ஒருத்தி கஞ்சி, மீன் ஆணம், வெந்நீர் என்று நேரத்துக்குக் கொடுத்து நன்றாகவே பார்த்துக்கொண்டாள். கண்ணும் காதும் தெளிவாக இருந்தன. ஆனால் மனைவியும் நான்கு பிள்ளைகளும் அவருக்கு முன்பே மௌத்தாகிவிட்டார்கள். கடைசியாகப் போனவர் எழுபத்துநான்கு வயது மூத்த மகன். அந்த ஜனாஸாவுக்கு நானும் போயிருந்தேன். வந்தவர்கள் இறந்தவரின் பிள்ளைகளுக்கு ஆறுதல் சொன்னார்கள். ஓவசியரிடம் ஒருத்தி கைக்குழந்தையைக் கொண்டுபோய், "இவனுக்கும் உங்கட ஆயுசு கிடைக்கணும் எண்டு துஆக் கேளுங்க" என்றாள். அவர் குழந்தையின் தலையில் கை வைத்தார். துஆ மட்டும் கேட்கவில்லை.

அடுத்த முறை போனபோது, "அப்பா, உங்களுக்கு என்ன குறை?" என்று கேட்டேன். பாட்டனாரை எங்கள் பக்கம் அப்பா என்றுதான் கூப்பிடுவோம்.

"குறையொண்டுமில்ல விதானையார். எல்லாரும் மரியாதயாத்தான் கதைக்காங்க. அதான் கரச்சல். என்னய 'டா' போட்டுக் கூப்பிட ஒருத்தனுமில்ல. நான் பொய் செல்லினாலும் ஓம் ஓம் எண்டுதான் கேக்காங்க."

பெரியநீலாவணையில் அவருக்கு ஒரு கூட்டாளி இருந்தாராம். தமிழர், அதே இலாகாவில் ஒன்றாக வேலை செய்தவர். "அவன் எப்பயோ செத்திருப்பான்" என்றார். கூப்பிடு தூரம்தான். ஆனால் தமிழர் முஸ்லிம் கலவரங்களுக்குப் பிறகு இங்கிருந்து யாரும் அங்கே வீடு தேடிப் போவதில்லை. ஒரு கூட்டத்தில் அந்த ஊர்க் கிராம சேவகரைக் கண்டபோது விசாரித்தேன். "அந்த மனிசன் இரிக்காரே. ரெண்டு கண்ணும் தெரியாது" என்றார் அவர்.

ஒரு சனிக்கிழமை காலை வேன் பிடித்து, பேத்தியையும் ஏற்றிக்கொண்டு போனோம். சோதனைச் சாவடியில் சிப்பாய் அடையாள அட்டையில் பிறந்த வருடத்தைப் பார்த்துவிட்டு, மற்றவனையும் கூப்பிட்டுக் காட்டினான். இருவரும் "சீயா, சீயா" என்று சிங்களத்தில் தாத்தாவைக் கூப்பிட்டுச் சிரித்துக்கொண்டே வழிவிட்டார்கள்.

கூட்டாளி சாய்மனைக் கதிரையில் கிடந்தார். காலடிச் சத்தம் கேட்டு, "ஆரு?" என்றார்.

"நான்தான்டா."

குரலை உடனே பிடித்துக்கொண்டார். "டேய், நீ இன்னும் சாகல்லயா?"

"நீ போகாம நான் எப்பிடிடா போற?"

இருமல் வரும்வரை இருவரும் சிரித்தார்கள். கொஞ்ச நேரம்தான். அறுபது வருடங்களுக்கு முன் ஒரு மாரியில் குளக்கட்டு உடைந்தது யாருடைய பிழை என்று பேச்சுத் திரும்பியது.

"மண்மூட்டை அடுக்குவம் எண்டு நான் அண்டைக்கே சொன்னன். நீதான் பொறுப்பம் எண்டாய்!" என்றார் கூட்டாளி.

"பொய்யன்! பொறுப்பம் எண்டது நீ!"

பேத்தி காதைப் பொத்திக்கொள்ளும் அளவுக்கு வார்த்தைகள் வந்தன. ஓவசியர் எழுந்து, விடைபெறாமலே வேனில் ஏறிவிட்டார். கூட்டிக்கொண்டு போனது பிழையோ என்று எனக்கு யோசனையாகிவிட்டது.

மறுநாள் பேத்தி என்னிடம் வந்தாள். "அப்பா நேத்து ரெண்டாந்தரமும் சோறு கேட்டுத் திண்டாரு. மறுகா எப்ப போற எண்டு கேக்காரு."

பிறகு நான்கு தடவை போனோம். ஒவ்வொரு தடவையும் அதே குளக்கட்டுத்தான். அடுத்த தடவைக்கு முன் கூட்டாளி இறந்துபோனார். செய்தியைச் சொல்ல நான்தான் போனேன். கேட்டுவிட்டு ஓவசியர் சொன்னார்:

"அந்தக் கட்டு உடஞ்ச கதைய இனி ஆரிட்டக் கதைக்கிற?"

"எங்களுக்குச் செல்லுங்க" என்றேன்.

"நீங்க நம்பிப்போடுவீங்க" என்றார்.

அதன் பிறகும் இரண்டு வருடங்கள் இருந்தார். நோய் என்று ஒன்றும் இல்லை. வெளியே போகவேண்டும் என்று மட்டும் கேட்கவேயில்லை. ஒரு நாள் விடியற்காலை, சுபஹுத் தொழுகைக்குப் பிறகு மௌத்தானார். நூறு வயது மனிதர் என்று ஊரே திரண்டு வந்தது.

இப்போது எனக்கு எழுபது தாண்டிவிட்டது. பிள்ளைகள் நீண்ட ஆயுளுக்குத் துஆக் கேட்டால் நானும் ஆமீன் சொல்கிறேன். வேண்டாம் என்று சொல்லும் துணிவு எனக்கில்லை. என் வகுப்பில் படித்தவர்களில் என்னையும் சேர்த்து மூன்று பேர் மிச்சம். ஒருவன் அக்கரைப்பற்றில், ஒருவன் நிந்தவூரில். மாதத்தில் ஒருநாள் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். நிந்தவூர்க்காரனுக்கு இப்போது அவ்வளவு சுகமில்லை.